பூட்டு இல்லாத மைதானம்

திண்டுக்கல் என்றதும் உங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது பிரியாணியா, பூட்டா?

பிரியாணி என்றால் உங்களுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். பூட்டு என்றால், வெளியூர் கிளம்பும்போது வாசல் பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனை வரை போய், திரும்பி வந்து இன்னொரு தரம் இழுத்துப் பார்க்கிற தலைமுறை நீங்கள். 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மரியாதை வந்து சேர்ந்த நேரத்தில் பல பட்டறைகள் மூடிக்கிடந்தன என்பது வேறு கதை.

என் வீடு, என் பீரோ... பூட்டுகிறேன். இதில் யாருக்கும் தகராறு இல்லை. ஆனால், ஒரு மைதானத்தைப் பூட்டலாமா? ‘இது என் சந்தோஷம், நீ உள்ளே வராதே’ என்று சொல்லும்போது அந்தச் சந்தோஷம் கூடுகிறதா, குறைகிறதா?

இந்தக் கேள்வியை என் தலையில் ஏற்றிவிட்டவர், பேகம்பூரில் தோல் வியாபாரம் செய்யும் என் நண்பர். ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிசா பேகம் அடக்கமாகியிருப்பதால் அந்தப் பகுதி பேகம்பூர் ஆனது. பாய்க்கு அறுபதை நெருங்கும் வயது. தோல் ஷாப்பில் குவிந்து கிடப்பதை விரலால் ஒரு தடவு தடவியே தரம் பிரித்துவிடுவார். யாரோ அவரைக் கொடைக்கானலுக்குக் கூட்டிப்போய் கோல்ஃப் மட்டையைக் கையில் கொடுக்க, பிடித்தது பைத்தியம்! “கையில மாட்டுற கிளவுஸ் நம்ம செம்மறித் தோலு மாதிரியே இருக்கு சார்... அப்பவே விழுந்துட்டேன்” என்பார்.

இப்போது அவருக்கு ஒரே ஆசை. கோல்ஃபின் தாய்வீடான ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் போய், கடலோரத்து ‘ஓல்ட் கோர்ஸ்’ மைதானத்தில் ஒரு ஆட்டம் ஆடிவிட வேண்டும்.

அந்த மாதிரி மைதானத்துக்கு ‘லிங்க்ஸ்’ என்று பெயர். கடலுக்கும் வயலுக்கும் நடுவே கிடக்கும் மணல் மேட்டு நிலம். ஏர் பிடிக்க லாயக்கில்லை. மரம் நிற்காது. காற்று ஆளைத் தள்ளும். நம்ம தூத்துக்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டில் கொஞ்சம் புல்லும் நிறைய மழையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய அதுதான். ஆடு மேய்த்தார்கள், முயல் பிடித்தார்கள், பொழுது போகாதபோது பந்தைத் தட்டினார்கள். யாருக்கும் வேண்டாத நிலத்தில் பிறந்த ஆட்டம் அது.

பாய் ஒரு நாற்பது பக்க நோட்டில் திட்டம் போட ஆரம்பித்தார். எடின்பரோ வரை விமானம். அங்கிருந்து லூகர்ஸ் என்ற ஸ்டேஷனுக்கு ரயில். செயின்ட் ஆண்ட்ரூஸுக்கே 1969-லிருந்து ரயில் கிடையாது என்பதால் கடைசித் தூரம் பஸ். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை, ஆட்டம் இல்லை. சனிக்கிழமை ஓய்வு. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்.

அங்கேதான் இடித்தது. பெரிய போட்டிகள் சிலவற்றைத் தவிர, ஞாயிற்றுக்கிழமை ஓல்ட் கோர்ஸில் ஆட்டமே கிடையாது!

“என்ன சார் அநியாயமா இருக்கு. வெள்ளிக்கிழமை எனக்குத் தோதுப்படாது, ஞாயித்துக்கிழமை அவனுக்குத் தோதுப்படாதா? லீவு நாள்ல போய் மூடி வச்சிருக்கானுங்களே?”

“மூடலை பாய். தொறந்து விடுறாங்க” என்றேன்.

நிஜம்தான். ஞாயிற்றுக்கிழமை அது ஊருக்குப் பூங்கா. உலக சாம்பியன்கள் வியர்த்து நின்ற புல்தரையில் தாத்தாக்கள் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார்கள். அம்மாக்கள் தள்ளுவண்டி தள்ளுகிறார்கள். முதல் குழிக்கும் பதினெட்டாவது குழிக்கும் போகிற புல்வெளியின் குறுக்கே ஒரு பொதுச்சாலையே ஓடுகிறது. கடற்கரைக்குப் போகிறவர்கள் அதில் கடப்பார்கள், ஆடுகிறவர் மட்டையை இறக்கிவிட்டு நிற்க வேண்டும். அவர் எவ்வளவு பெரிய கோடீஸ்வரராக இருந்தாலும் சரி.

இது யாரோ பெரிய மனசு பண்ணிக் கொடுத்த சலுகை இல்லை. 1552-ல் அந்த ஊர் ஆர்ச்பிஷப் எழுதிக்கொடுத்த சாசனத்தில், அந்த நிலத்தில் கோல்ஃப் ஆடவும் மற்ற விளையாட்டுகள் ஆடவும் ஊராருக்கு உள்ள உரிமை பதிவாகியிருக்கிறது. ஆனால், சாசனம் இருந்தால் மட்டும் நிலம் நிலைத்துவிடுமா? 1797-ல் நகரசபை கடனில் மூழ்கி அந்த நிலத்தைக் கைவிட்டது. எடுத்தவர்கள் முயல் பண்ணை போட்டார்கள். மைதானம் முழுக்க வளை! கோர்ட்டிலும் களத்திலுமாகச் சுமார் இருபது வருஷம் சண்டை. 1821-ல் ஜேம்ஸ் சீப் என்ற நிலக்கிழார், அவரும் கோல்ஃப் பிரியர், வாங்கிக் காப்பாற்றினார். கடைசியில் 1894-ல் பார்லிமென்ட்டில் ஒரு சட்டமே போட்டு, நிலத்தை மறுபடி ஊர்ச் சொத்தாக்கினார்கள். கைவிட்டதைத் திரும்பப் பிடிக்க ஏறக்குறைய நூறு வருஷம்.

அடுத்த வருஷம், 1895-ல், அதே ஊர் நிலத்தில் இரண்டாவது மைதானம் திறந்தார்கள். அதே 1895-ல்தான் நம்ம கொடைக்கானலில் கோல்ஃப் கிளப் ஆரம்பித்தார்கள் வெள்ளைக்காரர்கள். பாயின் வீட்டு மொட்டை மாடியிலிருந்து மேற்கே தெரிகிற மலையில்! ஒரே வருஷம், ஒரே ஆட்டம். அங்கே ஊர் மைதானம், இங்கே உறுப்பினர் அட்டை. வெள்ளைக்காரன் போனான், அட்டை போகவில்லை. கொடைக்கானலில் அட்டை கேட்காமல் உள்ளே போய்வருவது காட்டுமாடு மட்டும்தான்.

கொழும்பில் கதை கொஞ்சம் வேறு. காலிமுகத் திடலை 1859-ல் கடலோரம் அமைத்த கவர்னர் ஹென்றி வார்ட், ‘இதைப் பெண்களுக்காகவும் குழந்தைகளுக்காகவும் பாதுகாத்து வையுங்கள்’ என்று பின்னால் வரும் கவர்னர்களுக்குக் கல்லில் வெட்டி வைத்தார். 1879-ல் பிறந்த கொழும்பு கோல்ஃப் கிளப் முதலில் பந்து தட்டியது அந்தத் திடலில்தான். 1896-ல் ஊருக்குள் தனி மைதானம் பார்த்துப் போய்விட்டார்கள். திடல் ஜனங்களிடமே நின்றது. பட்டம் விட்டார்கள், இறால் வடை தின்றார்கள். 2022-ல் அங்கேதான் கூடி உட்கார்ந்து ஒரு ஜனாதிபதியையே வீட்டுக்கு அனுப்பினார்கள். பொது இடம் எதற்கெல்லாம் உதவும் பாருங்கள்!

நம்மிடமும் இது இருந்தது. மந்தை, களம், மேய்ச்சல் நிலம், குளத்தங்கரை. இதற்கெல்லாம் சேர்த்து ‘புறம்போக்கு’ என்று ஒரு சொல்லும் இருந்தது. வரி விதிக்காமல் ஊருக்கென்று ஒதுக்கி வைத்த நிலம். இன்றைக்கு அந்தச் சொல்லை நீங்கள் எங்கே கேட்கிறீர்கள்? பஸ்ஸில் காலை மிதித்தால்! எல்லோருக்கும் சொந்தமானது என்ற அர்த்தம் தேய்ந்து, யாருக்கும் வேண்டாதவன் என்று வசவாகிவிட்டது. சொல் கெட்டது முதலிலா, நிலம் பறிபோனது முதலிலா... தமிழாசிரியர்கள் யோசிக்கட்டும்.

“எல்லாரையும் உள்ள விட்டா கிரவுண்டு கிரவுண்டா இருக்குமா சார்?” என்று பாய் கேட்டார். நியாயமான கேள்வி. நம் ஊர்ப் பூங்காக்களைப் பார்த்தவர்கள் வேறெப்படிக் கேட்பார்கள்? ஆனால், ஞாயிற்றுக்கிழமை ஓய்வுதான் அந்தப் புல்லுக்கே மருந்து என்கிறார்கள். ஒரு அறக்கட்டளை ஏழு மைதானங்களைப் பராமரிக்கிறது. உள்ளூர்க்காரருக்கு வருஷச் சீட்டு மலிவு. வெளியூர்க்காரர், கோடையில் ஓல்ட் கோர்ஸ் ஆட்டம் ஒன்றுக்கு முந்நூறு பவுண்டுக்கு மேல் கொடுக்க வேண்டும்.

முந்நூறு பவுண்டு பூட்டு இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். பூட்டுதான். அங்கே எல்லாம் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. மைதானத்தை ஒட்டி நிற்கிற கிளப் கட்டடம் தனியாருடையது. 1754-ல் தொடங்கிய அந்த கிளப் பெண்களை உறுப்பினராக்கச் சம்மதித்தது 2014-ல்! மண் எல்லோருக்கும், மாடி சிலருக்கு. இருந்தாலும் ஒரு வித்தியாசம் உண்டு. காசில்லாதவன் அங்கே ஆட முடியாது, நடக்க முடியும். நம் ஊரில் கேட்டுக்கு வெளியே நிற்கிற பையனுக்கு உள்ளே இருப்பது புல்லா, சிமென்ட்டா என்றுகூடத் தெரியாது. அவன் எதற்கு ஆசைப்படுவது என்பதையே அந்த கேட் தீர்மானித்துவிடுகிறது. தில்லியில் மட்டைப்பை சுமக்கும் வேலை பார்த்த அலி ஷேர், 1991-ல் இந்தியன் ஓபனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். அவருக்கு ஆட்டம் கண்ணில் பட்டதே வேலைக்காரர் வாசல் வழியாக நுழைந்ததால்தான். அந்த வாசலும் இல்லாத பையன்கள் எத்தனை பேரோ?

பாய்க்கு இப்போது வேறு கவலை. ஓல்ட் கோர்ஸில் ஆட்ட நேரம் பெரும்பாலும் குலுக்கலில்தான். இரண்டு நாள் முன்பாகப் பெயர் கொடுக்க வேண்டும், குறைந்தது இரண்டு பேர். தனி ஆளாக வருகிறவர்கள் முன்பெல்லாம் நடுராத்திரியே வந்து வரிசையில் நிற்பார்கள். 2024 முதல் அதற்கும் குலுக்கல் வந்துவிட்டது. கூடுதல் பணம் கட்டினால் நிச்சயமான நேரம் வாங்கித்தர ஏஜென்ட்டுகளும் உண்டு. பாய் இரண்டு நாள் கணக்குப் போட்டார்.

“காசு கட்டி முன்னாடி போறதுக்கா அம்புட்டுத் தூரம் போறோம்? நம்ம பேரு விழுகுதான்னு பாப்போம்” என்று மருமகனைச் சேர்த்துக்கொண்டார்.

“நான் அங்க வந்து என்ன செய்யிறது?” என்று அவர் மனைவி கேட்டிருக்கிறார். அதற்கும் வழி இருக்கிறது. ஓல்ட் கோர்ஸை ஒட்டி மேடும் பள்ளமுமாக ஒரு சின்ன மைதானம், பெயர் ‘ஹிமாலயாஸ்’. 1867-ல் பெண்கள் தங்களுக்கென்று கிளப் தொடங்கி ஆடிய இடம். இன்றைக்குச் சில பவுண்டு கொடுத்தால் யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பந்தை உருட்டலாம். மட்டையும் அவர்களே தருகிறார்கள்.

நோட்டில் ஞாயிற்றுக்கிழமைக்கு எதிரே ‘ஆட்டம்’ என்பதை அடித்துவிட்டு, ‘நடை, குடும்பத்தோட’ என்று எழுதியிருக்கிறார் பாய். மருமகனுக்கு ஹேண்டிகேப் சர்டிஃபிகேட் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.