எதை இழக்கச் சம்மதம்?

சிறிய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கி, அதில் டர்போ பொருத்திய இன்ஜினை உட்கார வைத்து, நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும்படி மாற்றி, ஸ்போர்ட்ஸ் கார்களோடு போட்டி போடும் வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்ற ஆசை அமெரிக்காவின் வீட்டுக் கராஜ்களில் பல காலமாக உயிரோடு இருக்கிறது. செவ்ரோலெ எஸ்-10, சுபாரு பாஹா போன்ற வண்டிகள் இந்த ஆசைக்கு ஏற்றவை: விலை குறைவு, உடல் சிறியது, உதிரிபாகம் எளிதாகக் கிடைக்கும். திட்டம் போடுகிறவர் நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதுவது பெரும்பாலும் குதிரைத்திறனைத்தான். பிறகு டர்போ, அகலமான டயர், தாழ்த்திய சஸ்பென்ஷன் என்று பட்டியல் நீளும். அந்த முதல் பக்கத்தில் இருக்க வேண்டியது வேறொரு பட்டியல் என்பது என் கருத்து. இந்த வண்டிக்காக எதையெல்லாம் இழக்கச் சம்மதம் என்று அதில் எழுத வேண்டும். வேண்டும் என்பவற்றை மட்டும் வரிசைப்படுத்தினால் அது ஆசையாகவே நின்றுவிடும். வேண்டாம் என்பவற்றையும் எழுதிய பிறகுதான் அதைத் திட்டம் என்று சொல்ல முடியும்.

இதற்கு நல்ல சான்று 1991-இல் ஜிஎம்சி நிறுவனம் வெளியிட்ட சைக்ளோன் என்ற பிக்கப். சாதாரண சிறிய பிக்கப்பில் சுமார் 160 குதிரைத்திறன் தந்துகொண்டிருந்த 4.3 லிட்டர் வி6 இன்ஜின், டர்போவின் துணையோடு இதில் 280 தந்தது. விசையில் நூற்றுக்கு 35 பங்கு முன்சக்கரங்களுக்கும் 65 பங்கு பின்சக்கரங்களுக்கும் போனது. அதே ஆண்டு ‘கார் அண்ட் டிரைவர்’ பத்திரிகை அதை ஃபெராரி 348-உடன் கால் மைல் ஓடவிட்டபோது, ஏறத்தாழ 26,000 டாலர் விலையுள்ள பிக்கப் 14.1 வினாடியில் எல்லையைத் தொட்டது. அதைப்போல நான்கு மடங்குக்கு மேல் விலையுள்ள ஃபெராரிக்கு 14.5 வினாடி ஆனது. எல்லோரும் நினைவில் வைத்திருப்பது இந்த வெற்றியைத்தான். அதற்குக் கொடுத்த விலையையும் பார்க்க வேண்டும். டர்போவின் அழுத்தத்தை இன்ஜின் தாங்குவதற்காக அதன் கம்ப்ரஷன் விகிதத்தை 8.35:1 ஆகக் குறைத்தார்கள். வண்டியைத் தரையோடு தாழ்த்தினார்கள். சுமக்கும் திறன் 500 பவுண்டாக, அதாவது சுமார் 227 கிலோவாகச் சுருங்கியது. மூன்று பேரின் எடை சேர்ந்தாலே அது கிட்டத்தட்ட தீர்ந்துவிடும். மண்பாதையில் ஓட்டுவதற்கான வண்டி இதல்ல என்று தயாரிப்பாளரே எச்சரித்தார். பிக்கப் என்றால் எதற்கெல்லாம் பயன்படுமோ அவற்றில் பெரும்பகுதியை அவர்கள் தெரிந்தே துறந்தார்கள். சுமையும் வேண்டும், காடுமேடும் வேண்டும், வேகமும் வேண்டும் என்று மூன்றையும் பிடித்துக்கொண்டிருந்தால் அந்த வேகம் வந்திருக்காது.

இழப்பை முன்கூட்டியே எழுதச் சொல்வதற்கு இயந்திரவியலிலேயே ஒரு காரணம் இருக்கிறது. பிக்கப்பின் பின்பாகம் காலியாக இருக்கும்போது பின்சக்கரங்களின் மேல் எடை குறைவு. பின்சக்கரம் மட்டும் இயங்கும் வண்டியில் ஆக்ஸிலரேட்டரை வேகமாக மிதித்தால் டயர் தரையில் வழுக்கிச் சுழலும். அது வீண்போல் தெரிந்தாலும், பிரஷர் குக்கரின் சேஃப்டி வால்வைப் போல உள்ளே மிகுந்துவிட்ட விசையை வெளியே விட்டுவிடுகிறது. நான்கு சக்கரமும் தரையைப் பற்றிக்கொண்டால் அந்த வழி அடைபடுகிறது. வழுக்கலில் கரைய வேண்டிய அதிர்ச்சி முழுவதும் கிளட்ச், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், ஆக்சில் என்று வரிசையாகப் பாய்ந்து, எது மிகவும் மெலிந்ததோ அதை உடைக்கும். இன்ஜினின் சக்தியை ஏற்றிய சுபாரு வண்டிகளில் ஐந்து கியர் பெட்டியின் பற்கள் சிதைவதும், அதற்குப் பதிலாக எஸ்டிஐ மாடலின் கனமான ஆறு கியர் பெட்டியைத் தேடுவதும் இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்தப் பெட்டியை வைத்தால் பின் டிஃபரன்ஷியலின் பல் விகிதமும் அதற்கு ஒத்துப்போக வேண்டும். செலவு அங்கிருந்து அடுத்த பாகத்துக்குத் தாவும். ஒரு பாகத்தை மாற்றுவதாக எண்ணி இறங்குகிறவர் உண்மையில் ஒரு சங்கிலி முழுவதையும் மாற்ற ஒப்புக்கொள்கிறார்.

இதற்கு மறுப்புகள் உண்டு. சுமையைத் துறந்த பிறகு பிக்கப் எதற்கு, நேராக ஒரு வேகக் காரையே வாங்கலாமே என்று கேட்கலாம். வாங்கலாம், ஆனால் ஆலை செய்யும் சமரசம் ஆயிரக்கணக்கானோரின் சராசரித் தேவைக்கானது. சுபாரு நிறுவனமே 2004-இல் பாஹாவுக்கு 210 குதிரைத்திறன் கொண்ட டர்போ இன்ஜினைத் தந்தது. சந்தை போதவில்லை, 2006-உடன் அந்த வண்டி நின்றுபோனது. சந்தை கைவிட்ட தேவை ஒரு தனி மனிதருக்கு உண்மையான தேவையாக இருக்க முடியும். வாரத்தில் இரண்டு மூட்டை மட்டும் ஏற்றினால் போதும், மற்ற நாளில் மலைப்பாதையில் நிதானமும் வேகமும் வேண்டும் என்பவர் சுமார் 200 கிலோ என்ற எல்லையை இழப்பாகவே கருதமாட்டார். எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்ற முடிவு அவர் கையில் இருப்பதுதான் தனக்கென்று வண்டி கட்டுவதன் பொருள்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. இழப்பைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தால் எதையுமே தொடங்க முடியாது, கை அழுக்காகும்போதுதான் அறிவு வரும் என்பார்கள். இதில் பாதி உண்மை. ஸ்பேனர் பிடிக்காமல் போட்ட கணக்கு பல இடங்களில் பொய்க்கும். ஆனால் இழப்பை முதலில் எழுதியவர் வேலையின் வரிசையைச் சரியாக அமைத்துக்கொள்கிறார்: முதலில் பிரேக், பிறகு ரேடியேட்டரும் குளிரூட்டலும், அடுத்து கியர்பாக்ஸும் ஆக்சிலும், கடைசியில் இன்ஜினின் சக்தி. இந்த வரிசையில் போனால் ஒவ்வொரு கட்டத்திலும் வண்டி ஓடும் நிலையில் இருக்கும். ஓட்டிப் பார்த்துத் திட்டத்தைத் திருத்தலாம். இன்ஜினிலிருந்து தொடங்கினால், நிறுத்த முடியாத வேகத்தோடு ஒரு வண்டி கையில் இருக்கும், அல்லது பணம் தீர்ந்து கராஜில் பாகம் பாகமாகக் கிடக்கும். செய்து கற்பதற்கே செய்துகொண்டிருக்கும் நிலை நீடிக்க வேண்டும்.

வாழ்க்கையின் பெரிய முடிவுகளையும் நாம் குதிரைத்திறனிலிருந்துதான் தொடங்குகிறோம். புதிய தொழில் என்றால் வரப்போகும் வருமானம், வெளியூர் வேலை என்றால் சம்பளம், வீடு என்றால் எத்தனை அறை. அந்த வேகத்தைத் தாங்க வேண்டிய உடல்நலம், தூக்கம், குடும்பத்தோடு கழிக்கும் மாலை நேரம் ஆகியவை கியர்பாக்ஸைப் போல கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கின்றன. உடைந்த பிறகே நினைவுக்கு வருகின்றன. சில இழப்புகளுக்கு மனமாரச் சம்மதிக்கலாம், அதில் தவறில்லை. சைக்ளோனைச் செய்தவர்கள் சம்மதித்தார்கள், அதனால் ஜெயித்தார்கள். எதை இழக்கிறோம் என்று தெரியாமலே இழப்பதுதான் தவறு. பெரிதாக ஆசைப்படுகிறவர்கள் ஆசையைச் சுருக்கிக்கொள்ள வேண்டியதில்லை. அதன் விலையைத் தங்கள் கையாலேயே முதல் பக்கத்தில் எழுதி, அதைக் கொடுக்க மனம் ஒப்புகிறதா என்று நேர்மையாகக் கேட்டுக்கொண்டால் போதும். ஒப்பினால் துணிந்து இறங்கலாம்; ஒப்பவில்லை என்றால், பணமும் ஆண்டுகளும் போகும் முன்பே அந்தப் பதில் கிடைத்துவிட்டது என்பதே பெரிய லாபம்.