உருகிய வெண்ணெய் மீளுமா?

பெங்களூரு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த நகரம். அங்குள்ள பிரேசர் டவுனில், மார்கழிக் குளிரில் அடுக்களையில் வைத்த வெண்ணெய் கெட்டியாகவே இருக்கும். சித்திரை வெயிலில் பகலில் குழையும்; இரவில் மீண்டும் இறுகும். இதைக் காணும் மனம், 'குளிர்ந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும்' என்று முடிவுகட்டிவிடுகிறது. பிறரைச் சுடுசொல்லால் புண்படுத்தியவர், 'என் கோபம் தணிந்துவிட்டது. இனி எல்லாம் முன்போலத்தான்' என்று எண்ணுவதும் இத்தகையதே. இது சரிதானா?

வெண்ணெயில் ஏறக்குறைய 80 சதவீதம் கொழுப்பு. எஞ்சியதில் பெரும்பகுதி நீர். அந்நீர் நுண்துளிகளாகக் கொழுப்பினுள் பரவியிருக்கிறது. வெண்ணெய் சற்றே குழைந்தால், குளிர்ந்ததும் ஏறத்தாழ முன்னிலையை அடையும். சுமார் 35 டிகிரி வெப்பத்தில் முற்றிலும் உருகிவிட்டாலோ, நீர் அடியில் தங்கிக் கொழுப்பு மேலே மிதக்கும். அதை அப்படியே குளிரவிட்டால் இறுகும். ஆனால் பழைய வழவழப்பு இராது. குளிரச் செய்தவாறே விடாமல் கடைந்தால்தான் இரண்டும் ஓரளவேனும் இணையும். மேலும் காய்ச்சினால் நீர் ஆவியாகும், பாலின் திடப்பொருள் சிவக்கும், நெய் மணக்கும். அந்த நெய் வெண்ணெயாகத் திரும்புவதில்லை.

கயிறு பாம்பாகத் தோன்றுவது விவர்த்தம். பால் தயிராவது பரிணாமம் என்று வேதாந்தம் பிரித்துக் காட்டும். விளக்கு வந்ததும் பாம்பு சுவடின்றி மறையும். தயிரோ பாலாகாது. 'எல்லாம் மாயை, மறந்துவிடு' என்று புண்பட்டவரிடம் கூறுபவர், அவரது வலியைக் கயிற்றரவாக்கிவிடுகிறார். அது வேதாந்தமாகாது, பொறுப்பைத் தட்டிக்கழிப்பதேயாகும். நடைமுறை உலகில் நம் செயல்கள் உண்மையான பலனையே விளைவிக்கின்றன.

அவ்வாறெனில் நாம் செய்யத்தக்கது என்ன? சிறு மனத்தாங்கலைக் காலமே ஆற்றும். உறவு உருகிப் பிரிந்துவிட்டால் காலம் மட்டும் போதாது. பிரித்தவரே கடைய வேண்டும். மன்னிப்புக் கோருதல், இழப்பை ஈடுசெய்தல், மற்றவர் மனம் இசையும்வரை பொறுத்திருத்தல் ஆகியவையே அந்தக் கடைதல். பாலில் நெய்யாய் மறைந்திருக்கும் இறைவனைக்கூடக் கடைந்தே காண வேண்டும் என்றார் அப்பர் அடிகள்.

சில செயல்களுக்கோ மீட்சியே இல்லை. அங்கே, 'பழையபடி ஆவேனா?' என்ற ஏக்கம் பயன் தராது. வெண்ணெய் சில நாட்களில் கெட்டுவிடும்; நீர் நீங்கிய நெய் பல மாதங்கள் நிற்கும். அதுபோல, மனம் உண்மையாக வருந்தும்போது அந்த வெப்பத்தில் அகந்தை ஆவியாகிவிடக்கூடும். இதனால் பிறரைச் சுட்டது நன்மையாகிவிடாது. சுட்ட மனம் தூய்மை பெற வழியுண்டு என்பது மட்டுமே உறுதி. வெண்ணெயாகத் திரும்ப இயலாத நெய்யே திருவிளக்கில் சுடராகிறது. போனதை எண்ணி மறுகுவதை விடுத்து, எஞ்சிய வாழ்நாளை எவருக்கேனும் ஒளியாக்க முயல்வோம்.