வடை எந்தக் கடை?

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம். மாதத்தில் ஒரு ஞாயிறு யாராவது ஒருத்தர் வீட்டில் கூடுவோம். பதினோரு மணிக்கு ஆரம்பம். காலைச் சாப்பாடும் இல்லை, மதியச் சாப்பாடும் இல்லை, இரண்டுக்கும் நடுவே ஒன்று. கூடவே காக்டெயில். இதற்குப் பெயர் 'பிரஞ்ச்'. 1895இல் கை பெரிஞ்சர் என்கிற ஆங்கிலேயர் இந்தச் சொல்லை எழுதிப் பரப்பினார். சனிக்கிழமை ராத்திரி குடித்தவன் ஞாயிறு காலையில் சீக்கிரம் எழ வேண்டியதில்லை என்பது அவர் சொன்ன நியாயங்களில் ஒன்று.

எங்க ஊரில் பதினோரு மணி என்றால் வேறு. நடவுக்குப் போன அம்மாவுக்கு வரப்பில் வைத்துக் கஞ்சி ஊற்றுகிற நேரம். பனையோலையை மடித்துப் பட்டை பிடித்துக்கொள்ள வேண்டும். ஆண்டை வீட்டுப் பாத்திரம் பட்டையில் பட்டுவிடாமல் மேலேயிருந்து ஊற்றுவார்கள். குடித்ததும் பட்டையைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான்.

ஆறு வருஷமாக எல்லார் வீட்டுக்கும் போய்வந்திருக்கிறேன். என் முறை மட்டும் வரவில்லை. "உங்க வீடு தூரம் சார்" என்பார்கள். எனக்கு அடுத்த தெருவில் இருப்பவர் வீட்டில் இரண்டு தடவை நடந்தது. போன மாதம் நானே வலியக் கூப்பிட்டேன். எட்டுப் பேர் வருவதாகச் சொன்னார்கள்.

அவர்கள் என்ன செய்தார்கள் என்பதைவிட, அவர்கள் வருவதற்கு முன்னால் நான் என்ன செய்தேன் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

முதல்நாள் கடைக்குப் போய்க் காகிதக் கப் ஐம்பது வாங்கினேன். வீட்டில் நல்ல கண்ணாடிக் கிளாஸ் ஒரு டஜன் இருக்கிறது. கழுவுகிற வேலை மிச்சம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டீக்கடைகளில் இரட்டைக் குவளைக்கு எதிராகப் போராடியபோது பல ஊர்களில் கடைக்காரர்கள் கண்டுபிடித்த தந்திரம் இதே காகிதக் கப்தான். அங்கே அவன் எனக்குக் கொடுத்தான். இங்கே நானே வாங்கி அடுக்கி வைத்தேன்.

"கறி வேணாமாங்க?" என்று கேட்டாள் மனைவி. அவள் வறுக்கும் மாட்டுக்கறி எங்கள் சொந்தக்காரர்கள் மத்தியில் பேர்போனது. நாலு பேர் சைவம், வேண்டாம் என்றேன். "மிச்சம் நாலு பேரு?" என்றாள். அந்த நாலில் ஒருத்தர் வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போனபோது ஸ்டேக் தின்றதை இன்னமும் கதையாகச் சொல்லிக்கொண்டிருப்பவர். நான் பதில் சொல்லவில்லை.

அப்புறம் கூடத்துச் சுவரில் இருந்த பாபாசாகேப் படத்தைக் கழற்றிப் படுக்கையறையில் வைத்தேன். இதற்கும் நியாயம் இருந்தது. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அவர் மக்களுக்குத் தந்த 22 உறுதிமொழிகளில் மது அருந்தமாட்டேன் என்பதும் ஒன்று. அவர் முன்னால் பாட்டிலைத் திறப்பது மரியாதையில்லை. உண்மைதான். ஆனால் தம்பிகள் வந்து பீர் குடித்த நாட்களில் படம் அங்கேயேதான் இருந்தது!

விருந்தாளிக்காக நாம் கொஞ்சம் மாறிக்கொள்வது நல்ல பழக்கம். சர்க்கரை நோயாளிக்குப் பாயசம் வைக்க மாட்டோம். சைவக்காரருக்குத் தனிச் சட்டி வைப்பதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் இந்த மாறிக்கொள்ளல் எந்த இடத்தில் ஒளிந்துகொள்ளலாக ஆகிறது? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கின்றன. இரண்டிலும் சுவர் காலி, சட்டி காலி.

வந்தார்கள். தக்காளிச் சாறும் ஓட்காவும் எலுமிச்சையும் மிளகுத்தூளும் கலந்து பிளடி மேரி செய்தேன். ஒரு நண்பர் கொடுத்த வெளிநாட்டு வூஸ்டர்ஷயர் சாஸ் நாலு சொட்டு விட்டேன். எல்லாரும் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். மனைவி சுட்ட மெதுவடையும் காராமணிச் சுண்டலும் வந்தன. ஒரு சைவக்காரர் தட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "வடை எந்தக் கடை சார்?"

வீட்டில் சுட்டது என்றேன். "அப்படியா, பேஷ்" என்று சொல்லி, சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டார். அதற்கப்புறம்தான் கவனித்தேன். மூடி போட்டு வந்தது, பாக்கெட்டில் வந்தது எல்லாம் தீர்ந்தது. எங்கள் அடுப்பிலிருந்து வந்தது மட்டும் அப்படியே இருந்தது. ஒரே ஒருத்தர், அவரும் சைவம், மூன்று வடை தின்று சமையலறைக் குடத்துத் தண்ணீரைக் கேட்டு வாங்கிக் குடித்தார்.

யாரோ சுவரைக் காட்டி, "இங்க என்ன சார் மாட்டியிருந்தீங்க? தடம் தெரியுதே" என்றார்கள்.

"காலண்டர்" என்றேன்.

இதை எழுதவே கை கூசுகிறது.

சாயங்காலம் பாட்டில்களை ஒழிக்கும்போது சாஸ் குப்பியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். நெத்திலி வகை மீன் சேர்ந்திருக்கிறதாம். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பயம் வந்தது. தெரியாமல் செய்தாலும் தப்பு தப்புதான். நாலு பேருக்கும் போன் செய்து சொன்னேன். கடை கேட்டவர் சிரித்தார்: "விடுங்க சார், ஒரு சொட்டுதானே!" வடை தின்றவர்தான் ரொம்ப நேரம் பேசவில்லை. "லேபிளைப் பார்த்திருக்கலாமே சார்" என்றார். குரல் கம்மியிருந்தது. மன்னிப்புக் கேட்டேன்.

அவருடைய சைவம் சாப்பாட்டைப் பற்றியது. மற்றவருடையது சமைத்த கையைப் பற்றியது. இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பது எவ்வளவு வசதி பாருங்கள்.

சேர்ந்து சாப்பிட்டால் சாதி போய்விடும் என்று நம்பியவர்கள் உண்டு. 1917இல் செறாயியில் சகோதரன் அய்யப்பன் ஈழவரையும் புலையரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார். சொந்தச் சாதியே அவரைப் புலையன் அய்யப்பன் என்று கேலி பேசியது. அது துணிச்சல். இங்கே அண்ணா நினைவு நாளுக்குக் கோயில்களில் அரசு சமபந்தி நடத்துகிறது. இலை போடுகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், அவரவர் வீட்டுக்குப் போகிறார்கள். யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. 1936இல் லாகூர் மாநாட்டுக்காக எழுதிய உரையில், சமபந்தியால் சாதி உணர்வு சாகவில்லை, கலப்பு மணம்தான் மருந்து என்று அம்பேத்கர் வாதிட்டார். மாநாட்டையே ரத்து செய்துவிட்டார்கள். படிக்கும்போதெல்லாம் தலையாட்டியிருக்கிறேன். ஒரு வடைக்கு முன்னால் உட்கார்ந்தபோதுதான் அவர் எவ்வளவு தூரம் பார்த்திருக்கிறார் என்று உறைத்தது.

ராத்திரி மனைவி படத்தைத் தூக்கி வந்து பழைய ஆணியில் மாட்டினாள். "அவங்க குடிக்க வந்தாங்க. நம்ம வீட்டுக்கு வரல" என்றாள். மிஞ்சிய வடையை ஊறப்போட்டுத் தயிர்வடை ஆக்கினாள். இரண்டு நாள் தின்றோம்.

அடுத்த ஞாயிறு மறுபடி கூப்பிட்டிருக்கிறேன். மது கிடையாது. மாட்டுக்கறி உண்டு, சைவத்துக்குத் தனி அடுப்பு உண்டு, கண்ணாடிக் கிளாஸ் உண்டு என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். வடைக்காரர் வருகிறேன் என்றிருக்கிறார். ஸ்டேக் தின்றவருக்கு அன்றைக்கு ஊரில் ஏதோ விசேஷமாம். மற்றவர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.