ஊக்கமருந்தும் வினையுரிமையும்

வினைக்கு உரியவன் யாவன் என்னும் வினா நூலாராய்வார்க்கே உரியதன்று. ஓட்டக்களத்தும் அஃது எழுகின்றது. ஊக்கமருந்து உண்டு வென்றார்க்கு அவ்வெற்றி உரித்தாமோ என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

1988-ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக் விழாவில் கனடா நாட்டுப் பென் ஜான்சன் 100 மீட்டரை 9.79 விநாடியில் ஓடி முதல்வராயினார். ஸ்டானசோலால் என்னும் மருந்து அவர் சிறுநீரிற் காணப்பட்டமையின், மூன்று நாட்களில் பொற்பதக்கம் பறிக்கப்பட்டுக் கார்ல் லூயிஸுக்கு உரியதாயிற்று. அறிந்தே உண்டதை மறு ஆண்டு நடந்த விசாரணையில் அவரே ஒப்புக்கொண்டார். குற்றமும் இழப்பும் ஈண்டு ஒருவர்பாலே நின்றன, ஆதலின் ஐயமில்லை.

அறியாது உண்டார் நிலை யாது? கிழக்கு ஜெர்மனி அரசு 1974-இல் மறைவாகத் திட்டம் வகுத்து, விளையாட்டு வீரர் பல்லாயிரவர்க்கு இத்தகைய மருந்தினை ஊட்டிற்று. இளஞ்சிறுமியர் பலர்க்கு அது வைட்டமின் என்றே சொல்லப்பட்டது. குரல் தடித்தலும் ஈரல் நோயும் அவர்க்கு விளைந்தன. இத்தீங்கிற்குத் துணைநின்றாரென விளையாட்டுத் தலைவர் மான்பிரெட் ஈவால்டும், மருத்துவர் மான்பிரெட் ஹெப்னரும் 2000-இல் பெர்லின் நீதிமன்றத்தாற் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர். ஏவினார் பழி ஏவினாரையே சார்ந்தது.

அற்றேல், பழியிலாச் சிறுமியர் பெற்ற வெற்றி அவர்க்கே உரித்தெனின், அன்று. பழி அறிவைப் பற்றி நிற்கும். வெற்றியோ ஆற்றலைப் பற்றி நிற்கும். துலாக்கோலின் தட்டிற் பிறனொருவன் விரல் வைத்தானாயின், தட்டிலுள்ள பொருளின்மேற் குற்றமில்லை. எனினும் காட்டிய நிறை பொய்யே. எனவே வெற்றியை நீக்குதல் ஒறுத்தலன்று, நிறையைத் திருத்துதலேயாம்.

யாவரும் உண்ண இசைவளிப்பின் ஒப்புமை உண்டாமன்றோ எனின், அதுவும் பொருந்தாது. ஒரே மருந்து எல்லா உடம்பினும் ஒருபடித்தாய் வேலை செய்வதில்லை. அன்றியும், உண்ணாதார்க்குக் களத்தில் இடமின்றாங்கால் இசைவு என்பது பெயரளவே. நோயுறுவார் இளையோரும் எளியோருமே.

ஜேனா நகரக் கழகத்தின் 1984-ஆம் ஆண்டுத் தொடரோட்டச் சாதனையில் பங்குகொண்ட இனெஸ் கைப்பெல் என்னும் அம்மையார், தம் பெயரை அப்பட்டியலினின்று நீக்குமாறு 2005-இல் தாமே வேண்டினார். பின்னர் அவ்விடத்து உடுக்குறி இடப்பட்டது. தம் இசைவின்றி மருந்தூட்டப்பட்டவர் அவர்; பழி அவர்பால் இல்லை. ஆயினும் தமதல்லாத வெற்றியைத் தமதென வைத்துக்கொள்ள அவர் உள்ளம் ஒருப்படவில்லை. அறிந்தே உண்டு பெற்ற புகழை இன்னும் பற்றியிருப்பார் இதனை எண்ணிப் பார்ப்பாராக.