விடுவதும் தொடாதிருப்பதும்

எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் எடுத்த குற்றம் நீங்கிவிடுமா? பொருளைப் பற்றி இவ்வாறு கேட்டால் விடை கூறுவது எளிது. உயிரைப் பற்றிக் கேட்கும்போதுதான் உள்ளம் தயங்குகிறது.

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், ஓசார்க் மலைப்பகுதியில், பஃபலோ என்றோர் ஆறு ஓடுகிறது. நண்பர் இருவர் காலையில் ஒரு சிறு படகில் ஏறி, நீரோட்டத்தோடு மிதந்து சென்று, மாலையில் பல மைல் தள்ளிக் கரையேறுவது அவ்வட்டாரத்தின் நெடுநாள் வழக்கம். ஒருவர் துடுப்பேந்திப் படகைப் பாறைகளில் மோதாமல் செலுத்துவார். மற்றவர் தூண்டில் வீசுவார். பின்னர் இருவரும் பணியை மாற்றிக்கொள்வர். அவர்கள் நாடுவது சிறுவாய்ப் பாஸ் எனப்படும் மீன். தெளிந்த ஓட்டத்தில் பாறைகளின் ஓரம் வாழ்வது. முள்ளில் சிக்கினால் நீருக்கு மேலே துள்ளிப் போராடுவது. அப்போராட்டமே அவர்களுக்கு இன்பம். மீன் கைக்கு வந்ததும் முள்ளைக் கழற்றி, மீண்டும் ஆற்றிலேயே விட்டுவிடுவோர் பலர்.

இதனைப் பெருந்தன்மை என்பார் உளர். லீ வுல்ஃப் என்னும் அமெரிக்கர், இத்தகைய மீன் ஒரே முறை பிடிபட்டு முடிந்துபோகத் தக்க மலிவான பொருளன்று என்னும் கருத்தை 1939ஆம் ஆண்டிலேயே எழுதினார். மீன்வளம் அழியாதிருக்க இவ்வழக்கம் துணைசெய்ததை மறுப்பதற்கில்லை. சுவிட்சர்லாந்தோ, திருப்பி விடும் நோக்கத்துடன் மீன் பிடிப்பதையே 2008இல் சட்டத்தால் தடுத்தது. உண்ணும் தேவையின்றி ஓர் உயிரை ஏன் வருத்த வேண்டும் என்னும் கேள்வி அச்சட்டத்தின் பின்னே நிற்கிறது.

இரு தரப்பிலும் நியாயம் உண்டு. எனினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். பசிக்காகப் பிடிப்பவனுக்கு வயிறு ஓர் எல்லை வகுக்கிறது. விளையாட்டுக்காகப் பிடிப்பவனுக்கு அத்தகைய எல்லை இல்லை. பிடித்தான், விட்டான், ஆதலால் மீண்டும் பிடிக்கலாம் என்று துணிகிறான். விடுவதே மேலும் பிடிப்பதற்கு அனுமதிச் சீட்டாகிவிடுகிறது.

வசந்த காலத்தில் இம்மீனின் ஆண், ஆற்றடிக் கற்களைத் துப்புரவாக்கிக் கூடமைத்து, பெண்மீன் இட்ட முட்டைகளைக் காவல் காக்கிறது. அணுகும் எதனையும் சீறித் தாக்குவதால் அது எளிதில் தூண்டிலுக்கு இரையாகிறது. தந்தைமையே அதற்குப் பகையாகிறது! பிடித்தவன் சில நிமிடங்களில் விட்டுவிட்டாலும், காவலற்ற அந்த இடைவெளியில் வேறு மீன்கள் முட்டைகளைத் தின்றுவிடக்கூடும். விட்டவன் கணக்கில் ஒன்றும் குறையவில்லை. ஆற்றின் கணக்கிலோ ஒரு குடும்பமே குறைந்துவிடுகிறது. இவ்விடத்தில் விடுவது போதாது, தொடாதிருப்பதே அறம்.

அந்த ஆறு இன்றும் ஓடுவதற்குக் காரணமும் இதே அறம்தான். பஃபலோ சென்று கலக்கும் ஒயிட் ஆறும் ஒரு காலத்தில் பாஸ் மீனுக்குப் புகழ்பெற்றிருந்தது. 1951இல் கட்டி முடிக்கப்பட்ட புல் ஷோல்ஸ் அணையின் ஆழத்திலிருந்து வெளிவந்த கடுங்குளிர் நீர் அம்மீனுக்கு ஒவ்வவில்லை; அணைக்குக் கீழே டிரௌட் மீனைக் கொண்டுவந்து விட்டனர். பஃபலோவின் குறுக்கேயும் அணைகள் திட்டமிடப்பட்டன. அதனைப் பின்வருவோர்க்குரிய அமானிதமாகக் கருதியோர் ஒன்றுகூடி எதிர்த்தனர். 1972இல் அது அமெரிக்காவின் முதல் தேசிய ஆறாக அறிவிக்கப்பட்டது. தம் கைக்கு எட்டியதைத் தொடாது விட்டவர்களின் கொடையிலேதான் இன்றைய படகுகள் மிதக்கின்றன.

இத்தகைய பயணத்திற்கு நண்பன் வேண்டும் என்பதிலும் ஒரு பொருள் இருக்கிறது. துடுப்பேந்தியவன், தோழன் மகிழட்டும் என்று தன் தூண்டிலைக் கீழே வைத்தவன். கூட்டருகே படகு நெருங்கும்போது, “இதை விட்டு அப்பால் போவோம்” என்று சொல்லும் உரிமையும் அவனுக்கு உண்டு. தனித்திருக்கும் மனிதனுக்கு ஆசையே வழக்கறிஞர்; ஆசையே நீதிபதி. அருகில் ஒரு நல்ல நண்பன் அமர்ந்திருந்தால், வழக்கு வேறு விதமாக முடியக்கூடும் அன்றோ!