ஜுமுஆ உரை: வங்கி போடும் லிமிட்டும் ஒரு முஃமின் போட வேண்டிய வரம்பும்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நமது உயிரினும் மேலான முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

ஷூ கம்பெனி வேலைக்காக ஆலங்காயத்திலிருந்து வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் போய்வரும் நம் பிள்ளைகளுக்கு, சம்பளம் வங்கிக் கணக்கில் ஏறத் தொடங்கிய சில மாதங்களிலேயே கிரெடிட் கார்டு வேண்டுமா என்று போன் வந்துவிடுகிறது. 2022 முதல் ரூபே கிரெடிட் கார்டை யூபிஐயோடு இணைக்கவும் வழி வந்துவிட்டது. கடையில் ஒட்டியிருக்கும் கியூஆர் ஸ்டிக்கரை ஸ்கேன் செய்தே கடன் வாங்கிவிடலாம். அதனால் பலரும் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "விண்ணப்பம் போட்டால் எனக்கு எவ்வளவு லிமிட் வரும்?"

வங்கி அதை எப்படி முடிவு செய்கிறது? உங்கள் வருமானத்தைப் பார்க்கிறது. ஏற்கெனவே உள்ள கடன்களையும் வேறு கார்டுகளின் லிமிட்டையும் பார்க்கிறது. சிபில் போன்ற நிறுவனங்கள் 300 முதல் 900 வரை தரும் மதிப்பெண்ணையும் பார்க்கிறது. 18,000 ரூபாய் சம்பளக்காரருக்கு 40,000, 50,000 என்று லிமிட் கிடைப்பதும் உண்டு. கிடைத்தவுடன் நம் மனம் என்ன நினைக்கிறது? "எனக்கு ஐம்பதாயிரத்துக்கு மதிப்பு இருக்கிறது" என்று நினைக்கிறது.

சகோதரர்களே, அது உங்கள் மதிப்பு அல்ல, உங்கள் சக்தியும் அல்ல. உங்களைப் போன்ற ஆயிரம் பேருக்குக் கொடுத்தால் எத்தனை பேர் திருப்பிக் கட்டுவார்கள், எத்தனை பேர் தவறுவார்கள், தவறியவர்களால் வரும் நஷ்டத்தை மற்றவர்களின் வட்டி ஈடுகட்டுமா என்று வங்கி தன் இலாபத்துக்காகப் போட்ட கணக்கு அது. ஜூன் மாதம் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும் என்பதும், தாயாருக்கு மாதாமாதம் மருந்து வாங்க வேண்டும் என்பதும், ஆர்டர் குறைந்தால் ஓவர்டைம் நின்றுவிடும் என்பதும் அந்தக் கணக்கில் இல்லை. அவை உங்களுக்குத்தான் தெரியும். எனவே உங்கள் வரம்பை நீங்கள்தான் போட வேண்டும்.

முதல் சோதனை விண்ணப்பத்திலேயே வருகிறது. வருமானம் எவ்வளவு என்ற இடத்தில், "கொஞ்சம் கூட்டிப் போடுங்க பாய், லிமிட் நல்லா வரும்" என்று யாராவது சொல்வார். இது சின்ன விஷயம் அல்ல. நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் கடனைவிட்டு அல்லாஹ்விடம் அதிகம் பாதுகாப்புத் தேடினார்கள். காரணம் கேட்கப்பட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்லும், வாக்குக் கொடுத்தால் மாறும் நிலைக்கு ஆளாகிறான் என்று விளக்கினார்கள். இங்கோ கடன் வாங்கிய பிறகு வரும் பொய்யை, வாங்குவதற்கு முன்பே சொல்லி நாம் ஆரம்பிக்கிறோம்! அதுவும் தாங்க முடியாத கடனை நம் தலையில் நாமே ஏற்றிக்கொள்வதற்காக.

இரண்டாவது சோதனை நாம் போடும் கையெழுத்து. தவணை தவறினால் வட்டி தருவேன் என்ற நிபந்தனை அந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது. சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 2000-ஆம் ஆண்டு ரியாத்தில் கூடியபோது, வட்டி நிபந்தனை உள்ள இத்தகைய கார்டுகள் கூடாது என்றும், கெடுவுக்குள் கட்டிவிடும் எண்ணம் இருந்தாலும் கூடாது என்றும் முடிவு செய்தது. தேவையுள்ளவர் ஒரு நாள்கூடத் தவறாமல் முழுத் தொகையையும் கட்ட ஏற்பாடு செய்துகொண்டு பயன்படுத்தலாம் என்று சொல்லும் உலமாக்களும் உண்டு. ஆனால் பாக்கி வைத்து வட்டி கட்டலாம் என்று இவ்விரு தரப்பாருமே சொல்லவில்லை.

அந்தப் பாக்கி என்ன செய்யும் என்று பாருங்கள். 50,000 ரூபாய் பாக்கி, மாத வட்டி 3.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாத வட்டி 1,750 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 315 ரூபாய். ஆக 2,065. பில்லில் காட்டும் குறைந்தபட்சத் தொகை 2,500 என்று கட்டினால், அசலில் குறைவது வெறும் 435 ரூபாய்! ஆண்டுக்கு இது 42 சதவீத வட்டி. 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொன்னது. அந்த உத்தரவை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. சட்டம் நமக்கு வேலி போடும் என்று காத்திருக்க முடியாது.

அப்படியானால் நம் வரம்பை எப்படிப் போடுவது? ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்களைப் பாருங்கள். மக்கள் அவர்களிடம் பணத்தை அமானிதமாக வைக்க வருவார்கள். அவர்களோ, தொலைந்துவிடுமோ என்று அஞ்சி, அதைக் கடனாகவே ஏற்றுக்கொள்வார்கள். திருப்பித் தரும் பொறுப்பு முழுவதும் தம் மீது இருக்க வேண்டும் என்பதற்காக! ஜமல் போர் நாளில் மகன் அப்துல்லாஹ்வை அழைத்து, சொத்தை விற்றுக் கடனை அடைக்கும்படி வஸிய்யத் செய்தார்கள். கணக்குப் பார்த்தால் கடன் 22 இலட்சம். ஆனால் அதற்கு ஈடாக நிலங்கள் இருந்தன. 1,70,000-க்கு வாங்கிய ஃகாபா நிலம் மட்டுமே 16 இலட்சத்துக்குப் போனது. கடன் அடைந்த பிறகும் மகன் வாரிசுகளுக்குப் பங்கு வைக்கவில்லை. நான்கு ஆண்டுகள் ஹஜ் காலத்தில், "ஸுபைரிடம் கடன் வர வேண்டியவர்கள் வாருங்கள்" என்று அறிவித்த பிறகே பங்கிட்டார்கள். இது ஸஹீஹுல் புகாரியில் உள்ள செய்தி.

நாளை நாம் மவ்த்தானால், நம் பிள்ளை எதை விற்று அடைப்பான்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடிகிற தொகைதான் நம் வரம்பு. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கச் சொல்லும் அல்பகராவின் 282-ஆவது வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமானது. இன்றிரவு ஒரு தாளை எடுங்கள். சம்பளத்தில் கட்டாயச் செலவு போக மிஞ்சுவதை எழுதுங்கள். ஒன்றும் மிஞ்சவில்லையா? உங்கள் வரம்பு பூஜ்யம். வங்கி எதைக் காட்டினாலும் பூஜ்யம்தான். ஏற்கெனவே கார்டு வைத்திருப்பவர் லிமிட்டைக் குறைக்கச் சொல்லலாம். உங்கள் சம்மதம் இல்லாமல் வங்கி அதை உயர்த்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் சொல்கிறது. பாக்கியில் சிக்கியவர் முதலில் கார்டை மூடி வைத்து, நகையோ வண்டியோ விற்றாவது அடைக்கப் பார்க்கட்டும்.

ஜமாஅத்தார்களே, வசதி உள்ளவர்களே! உங்களுக்கும் ஒரு வார்த்தை. இரவு பத்து மணிக்குத் தாயை வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்க்க முன்பணம் தேடும் ஒருவரிடம் "வட்டி ஹராம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நம் கடமை முடிந்துவிடுமா? நம் பைத்துல்மாலின் கதவு அந்த நேரத்தில் திறக்குமா? மூன்று தீனார் கடனோடு ஒருவர் இறந்தபோது, அவருக்கு நபி (ஸல்) அவர்கள் தாம் தொழ வைக்கவில்லை. "அது என் பொறுப்பு" என்று அபூ கதாதா (ரலி) அவர்கள் முன்வந்த பிறகே தொழ வைத்தார்கள். நம் மஹல்லாவிலும் அப்படி முன்வருகிறவர்கள் வேண்டும். அழகிய கடன் கொடுங்கள். கஷ்டப்படுகிறவருக்கு அவகாசம் கொடுங்கள்.

யா அல்லாஹ்! ஹலாலானதைக் கொண்டு எங்களுக்குப் போதுமாக்கி வைப்பாயாக! கடனில் தவிப்பவர்களின் கடனை நிறைவேற்றித் தருவாயாக! உனது அருளால் உன்னைத் தவிர மற்றவர்களிடம் தேவையற்றவர்களாக எங்களை ஆக்குவாயாக! ஆமீன்.