வருமானத்தில் பாதி, வேலையிலும் பாதி

மாமல்லபுரம் கிருஷ்ண மண்டபத்தில் கண்ணன் மலையைத் தாங்கி நிற்கும் சிற்பத்தருகே ஒருவர் பால் கறக்கிறார். பசு கன்றை நக்குகிறது. ஒரு பெண் தலைச்சுமையோடு நடக்கிறாள். பல்லவச் சிற்பி தெய்வத்துக்குப் பக்கத்திலேயே அன்றாட உழைப்புக்கும் இடம் கொடுத்தான். நம் வரவு செலவுக் கணக்கில் அந்த உழைப்புக்கு என்ன இடம்?

அதே மாமல்லபுரத்தின் கடற்கரையில் மீனை ஏலத்தில் எடுத்துக் கூடையில் சுமந்து விற்கும் பெண்கள், அதற்கு முன்பே தண்ணீர் பிடித்து, உலை வைத்து, பிள்ளைகளைக் கிளப்பிவிட்டு, படுத்த படுக்கையான மாமியாருக்கு மாத்திரை கொடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள். மீன் விற்ற காசு மட்டும் வருமானம் எனப்படுகிறது. மறைமலை நகர் ஆலைக்கு ஷிப்டு போகிறவரின் சம்பளத்துக்குப் பின்னாலும் இப்படி ஒருவர் இருக்கிறார். அவர் செய்வதற்கெல்லாம் ஆள் வைத்தால் அந்தச் சம்பளத்தில் என்ன மிஞ்சும்?

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி இதற்கு ஒரு விடை சொன்னார். கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து வாங்கிய சொத்தில், வீட்டைக் கவனித்துக்கொண்ட மனைவிக்கும் சமபங்கு உண்டு என்றார். அவள் வீட்டைப் பார்த்ததால்தான் அவரால் சம்பாதிக்க முடிந்தது என்பதே அதன் நியாயம். அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தமிழக அரசின் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கப்பட்டது. ஒரு கோடிக்கும் அதிகமான பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். நாளொன்றுக்கு ஏறத்தாழ 33 ரூபாய். இதைக் கூலி என்று சொல்ல முடியாது. ஆனால் யாரிடமும் கேட்காமல் அவள் கணக்கிலேயே விழும் பணம் என்பதால் அதை நான் மதிக்கிறேன்.

பணம் வந்தாலும் வேலை குறைவதில்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலை செய்வோரில் பெண்கள் 2019இல் நாளுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டார்கள். 2024இல் அது 289, 88 என ஆனது. இருவருக்கும் குறைந்திருக்கிறது, இடைவெளி 202இலிருந்து 201 ஆகியிருக்கிறது. ஐந்து ஆண்டுகளில் ஒரே ஒரு நிமிடம்!

அரசு எடுத்துக்கொள்ளக்கூடிய பங்கு உண்டு. 2022இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் எத்தனையோ வீடுகளின் காலை அவசரத்தைத் தணித்திருக்கிறது. மீன் ஏலம் நடக்கும் கரைகளிலும் தொழிற்பேட்டைகளிலும் குழந்தைகள் காப்பகம் வேண்டும். முதியோருக்குப் பகல்நேரப் பராமரிப்பு வேண்டும்.

மீதி வீட்டுக்குள் பிரிய வேண்டியது. கிழக்குக் கடற்கரைச் சாலை ஓட்டல்களில் சம்பளத்துக்குச் சமைப்பவர்களில் ஆண்கள்தான் அதிகம். ஆகவே ஆணுக்குக் கைவராத வேலை என்று எதுவும் இல்லை. கூலி கிடைக்கும் இடத்தில் தொழிலாக இருப்பது, வீட்டில் மட்டும் பெண்ணின் கடமையாகிவிடுகிறது. பத்திரத்தில் மனைவியின் பெயரைச் சேர்ப்பதும், மகனுக்குச் சோறு வடிக்கக் கற்றுக்கொடுப்பதும் ஒரே நியாயம்தான். ஒன்றைச் செய்து மற்றதை விட்டால் சமத்துவம் பாதியிலேயே நின்றுவிடும்.